சிங்கிள் பேஸ் கடையில் த்ரீ பேஸ் லேத்: என்ன வழி?

காசிமேடு கடைசல் | மார்ச் 3, இரவு 10.12

வணக்கம். காசிமேட்டில் வாடகைக்கு ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். விசைப்படகுக்கு கன்மெட்டல் புஷ் (ஷாப்ட் சுழல்கிற வெண்கல உறை) கடைவது, வலை இழுக்கிற விஞ்சு வேலை, ஷாப்ட் நெளிவு எடுப்பது, இதுதான் தொழில். இதுவரை வேறொரு பட்டறையில் மணிக்கணக்கில் காசு கொடுத்து மிஷின் ஓட்டினேன். போன மாதம் மூடிய பட்டறை ஒன்றிலிருந்து ஆறடி பெட் லேத் (கடைசல் மிஷின்) கைக்கு வந்தது. பட்டாலா சரக்கு, பழசு, ஆனால் பெட் தேயவில்லை. குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்து, இறக்கி, லெவல் பார்த்து வைத்தாயிற்று.

மோட்டார் த்ரீ பேஸ். கடையில் இருப்பது சிங்கிள் பேஸ். தெரிந்தேதான் வாங்கினேன், ஈ.பி.யில் எழுதிக் கொடுத்தால் த்ரீ பேஸ் வந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். இருபது நாளாக யோசிக்கிறார்.

ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் படகெல்லாம் கரையில்தான். மற்றவர்களுக்கு அது பஞ்சம், எங்களுக்கு அதுதான் தீபாவளி. அதற்குள் மிஷின் ஓடியாக வேண்டும்.

நேம் பிளேட்டில் இருப்பது: 3 எச்பி, 2.2 கிலோவாட், 415 வோல்ட், 4.8 ஆம்ஸ், 1430 ஆர்பிஎம். பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் "ரெண்டு கண்டன்சர் போட்டால் ஓடும்" என்கிறார். யூடியூபில் இன்னொரு மோட்டாரைச் சும்மா சுற்றவிட்டு அதிலிருந்து மூன்றாவது பேஸ் எடுக்கிறார்கள். மச்சான் டிரைவ் (சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கி, மோட்டார் வேகத்தையும் மாற்றுகிற எலக்ட்ரானிக் பெட்டி) வாங்கச் சொல்கிறான். எதை நம்புவது?


பொன்னேரி பம்புசெட் | மார்ச் 3, இரவு 10.40

கண்டன்சர் போடுங்கள், ஓடும். எங்கள் பக்கம் மூன்றாவது பேஸ் இல்லாத நேரத்தில் பம்புசெட்டைக் கண்டன்சர் வைத்துத்தான் ஓட்டினோம். கன்வர்ட்டர் பெட்டி என்போம். கைமாற்று சுவிட்ச், ரெண்டு கண்டன்சர், அவ்வளவுதான். ஈ.பி.காரர் பார்த்தால் திட்டுவார், அது வேறு கதை.


வைண்டிங் வியாசை | மார்ச் 3, இரவு 11.25

பொன்னேரிக்காரரே, உங்கள் கதையும் தம்பியின் கதையும் ஒன்றில்லை. உங்கள் வயலுக்கு வந்தது ரெண்டு பேஸ். அந்த ரெண்டுக்கும் நடுவில் 415 வோல்ட் இருந்தது. தம்பியின் கடையில் ஒரு பேஸ், ஒரு நியூட்ரல். 230தான். அப்படியே கண்டன்சர் வைத்தால் மோட்டார் முனகும், லேத்தில் பொருளைக் கவ்விச் சுற்றுகிற சக்கைக் கையால் பிடித்து நிறுத்திவிடலாம். உங்கள் பக்கத்திலிருந்து அந்த முறையில் எரிந்த மோட்டார் எத்தனை என் கடைக்கு வந்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டாம்.

தம்பி, கண்டன்சரா டிரைவா என்பதெல்லாம் அப்புறம். மோட்டாரின் தலைமேல் இருக்கிற டெர்மினல் பாக்ஸைத் திற. உள்ளேயிருந்து எத்தனை ஒயர் வருகிறது என்று எண்ணிச் சொல். ஆறா, மூன்றா?

ஏன் கேட்கிறேன் என்றால், நம் ஊரில் 3 எச்பி வரைக்கும் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டுவார்கள். 5 எச்பியிலிருந்து டெல்டா. ஸ்டாரில் மூன்று காயிலின் வால்களையும் ஒன்றாக முடிந்துவிட்டு, தலைகளில் மூன்று பேஸ் கொடுப்போம். பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் 415 இருந்தாலும், ஒரு காயில் தனியாகப் பார்ப்பது அதை 1.732ஆல் வகுத்த 240 வோல்ட்தான். அதாவது உன் மோட்டாருக்குள் இருப்பது பிறவியிலேயே 240 வோல்ட் காயில். அதே மூன்றையும் டெல்டாவில், அதாவது ஒன்றின் வால் அடுத்ததன் தலை என்று வட்டமாகக் கட்டினால், 230 வோல்ட் த்ரீ பேஸில் ஏறக்குறைய முழு பலத்தோடு ஓடும். ஆம்ஸ் மட்டும் 4.8 என்பது 8.3 ஆகும். 230 வோல்ட் சிங்கிள் பேஸ் வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸ் கொடுக்கிற டிரைவ் கடையில் கிடைக்கிறது. ரெண்டும் பொருந்திவிட்டால் உன் கவலை முடிந்தது.

ஆறு ஒயர் இருந்தால், பித்தளைப் பட்டை எப்படிக் கிடக்கிறது என்று பார். படுக்கையாக ஒரு வரிசை என்றால் ஸ்டார். நட்டுக்குத்தாக மூன்று நின்றால் டெல்டா. பட்டையை மாற்றிப்போட ஐந்து நிமிஷம்.


அம்பத்தூர் பழசு | மார்ச் 4, காலை 7.05

யூடியூபில் இருக்கிற சுற்றும் மோட்டார் முறையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் பத்து வருஷம் அப்படித்தான் நாலு மிஷின் ஓட்டினேன். லேத், டிரில்லிங், ஷேப்பர், ஒரு கிரைண்டர். ஒரு 7.5 எச்பி மோட்டார் மூலையில் சும்மா சுற்றும், மற்றதெல்லாம் அதன் தயவில் ஓடும். டிரைவ் வாங்கினால் மிஷினுக்கு ஒன்று வேண்டும். அதோடு எலக்ட்ரானிக் சாமான் நம் ஊர் உப்புக் காற்றுக்குத் தாங்காது.


வைண்டிங் வியாசை | மார்ச் 4, காலை 8.30

அம்பத்தூர் அண்ணே, உங்கள் மூலையில் ஒரு ஸ்டெப் அப் டிரான்ஸ்பார்மரும் உட்கார்ந்திருந்ததா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.


அம்பத்தூர் பழசு | மார்ச் 4, காலை 8.52

இருந்தது. 230க்கு 415. அது இல்லாமல் எப்படி?


வைண்டிங் வியாசை | மார்ச் 4, காலை 9.10

அதைத்தான் சொல்ல வந்தேன். அமெரிக்காக்காரர் வீடியோவில் டிரான்ஸ்பார்மர் இருக்காது. அவர் வீட்டுக்கே 240 வருகிறது, அவர் ஊர் மோட்டார் 230க்கும் 460க்கும் மாற்றிக் கட்டுகிற மாதிரி வருகிறது. அதைப் பார்த்து நம் ஆட்கள் 415 வோல்ட் மோட்டாரை 230இல் சுற்றவிட்டு, "மூன்று பேஸ் வருகிறது, ஆனால் மிஷினுக்குப் பலம் இல்லை" என்று அழுகிறார்கள். சுற்றும் மோட்டார் வேலை செய்யும், மறுக்கவில்லை. மிஷினின் மோட்டாரைப் போல ஒன்றரை மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும், எடை, சத்தம், சும்மா நிற்கும்போதும் கரண்ட் செலவு. நாலைந்து மிஷின் இருக்கிற பட்டறைக்குச் சரி. ஒரு லேத்துக்கு வேண்டாம்.

கண்டன்சர் மட்டும் வைக்கிற முறைக்கும் கணக்கு உண்டு. டெல்டாவாக மாற்றி, கிலோவாட்டுக்கு 70 மைக்ரோபாரட் என்று போட்டால், இந்த மோட்டாருக்கு 155 வரும். பலம் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு கண்டன்சர் ஒரே ஒரு லோடுக்குத்தான் மூன்று காயிலையும் சமமாக வைக்கும். தண்ணீர்ப் பம்பு என்றால் காலை முதல் மாலை வரை ஒரே லோடு. லேத் அப்படியா? ஒரு நிமிஷம் வெட்டு, ஒரு நிமிஷம் வெறுமனே சுற்று. வெறுமனே சுற்றும்போது கண்டன்சர் பக்கக் காயில்தான் அதிகமாகச் சூடாகும். ஆள் "லோடே இல்லையே, ஏன் எரிந்தது" என்று கேட்பார்.


காசிமேடு கடைசல் | மார்ச் 4, இரவு 9.30

அண்ணே, பாக்ஸைத் திறந்தேன். முதலில் ஒரு குளவிக் கூடு, அப்புறம் கையளவு கிரீஸ். அதற்கும் கீழே மூன்றே மூன்று ஒயர். துணி சுற்றிய பழைய ஒயர். பட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவ்வளவுதானா?


வைண்டிங் வியாசை | மார்ச் 4, இரவு 9.48

பயப்படாதே. ஸ்டார் முடிச்சை உள்ளேயே கட்டிவிட்டிருக்கிறார்கள். மோட்டாரைப் பிரித்து, ஓவர்ஹாங்கில் (காயில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதி) கட்டியிருக்கிற நூலை விலக்கிப் பார்த்தால், மூன்று வால்கள் ஒரே ஸ்லீவுக்குள் சேர்ந்திருக்கும். அதைப் பிரித்து மூன்றிலும் புது ஒயர் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, வார்னிஷ் விட்டு வெளியே கொண்டுவர வேண்டும். காயில் நல்ல நிலையில் இருந்தால் அரை நாள் வேலை. வார்னிஷ் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தால் இழுக்கும்போதே உதிரும், அப்போது முழுசாகக் கட்டிவிடுவதே நல்லது. எங்கே கொடுத்தாலும் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்க்காமல் திரும்ப வாங்காதே.


மாவு மில் அக்கா | மார்ச் 5, பகல் 2.15

நான் கொடுங்கையூர். நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே கேள்விதான். மிளகாய் அரைக்கிற மிஷின், 5 எச்பி. இடம் மாற்றினோம், புது இடத்தில் சிங்கிள் பேஸ். இந்தத் தம்பிக்குச் சொன்ன டிரைவ் எனக்கும் ஆகுமா?


மணலி டிரைவ் | மார்ச் 5, பகல் 3.40

அக்கா, உங்களுக்கு ஆகாது. 5 எச்பி மோட்டார் டெல்டாவிலேயே 415க்குக் கட்டப்பட்டது. 230 வோல்ட் டிரைவில் போட்டால் 28 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் முழு இழுவை, அதாவது பாதி வேகத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு மேல் வோல்டேஜ் ஏறாது, பலம் குறையும். 230 வாங்கி 380 கொடுக்கிற டிரைவும் விற்கிறது, ஆனால் உங்கள் மோட்டார் முழு லோடில் சிங்கிள் பேஸ் பக்கம் 40 ஆம்ஸ் அளவுக்கு இழுக்கும். வீட்டு லைனில் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.


ஓய்வு பெற்ற லைன்மேன் | மார்ச் 5, மாலை 6.20

தண்டையார்பேட்டை. இருபத்தெட்டு வருஷம் கம்பத்தில் ஏறியவன் என்ற முறையில் ரெண்டு விஷயம்.

அம்மா, 5 எச்பி என்றால் தண்டில் 3.7 கிலோவாட். மோட்டார் தின்கிற நஷ்டத்தையும் சேர்த்தால் 4.3, 4.4 ஆகிவிடும். சிங்கிள் பேஸுக்கு நம் மாநிலத்தில் 4 கிலோவாட்தான் எல்லை. உங்கள் மிஷின் ஒன்றே அதைத் தாண்டுகிறது. நேராக மும்முனைக்கு விண்ணப்பம் போடுங்கள், குறுக்கு வழி தேட வேண்டாம்.

தம்பிக்கு: உன் 3 எச்பி எல்லைக்குள் வரும். ஆனால் கடையின் சர்வீஸ் எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது? வீட்டுக் கட்டணத்தில் லேத் ஓட்டினால் மின்சாரச் சட்டம் 2003, 126ஆம் பிரிவில் அனுமதியில்லாத உபயோகம் ஆகும். அந்தப் பிரிவுக்குரிய கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு போடுவார்கள். அதுவும் அன்றைக்கு மட்டும் அல்ல, பின்தேதியிட்டு.

வீட்டுக்காரர் யோசிக்கிறார் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உரிமையாளர் சம்மதக் கடிதம் தராவிட்டால், சட்டப்படி குடியிருக்கிறாய் என்பதற்கு வாடகை ஒப்பந்தம் மாதிரி ஆதாரமும், இழப்பீட்டு உறுதிப் பத்திரமும் கொடுத்து விண்ணப்பிக்க விதியில் இடம் இருக்கிறது. இதைச் சொன்னால் பாதி வீட்டுக்காரர்கள் கடிதமே கொடுத்துவிடுவார்கள். சண்டையாகச் சொல்லாதே, பேச்சுவாக்கில் சொல்.


காசிமேடு கடைசல் | மார்ச் 6, இரவு 8.05

ஐயா, சர்வீஸ் கடைக் கட்டணத்தில்தான் இருக்கிறது, நேற்றே அட்டையைப் பார்த்துவிட்டேன். அது சரியான பிரிவுதானா என்று ஈ.பி. ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஆபீஸிலும் கேட்டுவிடுகிறேன். மோட்டாரை இங்கே பக்கத்தில் ஒரு வைண்டிங் கடையில் கொடுத்திருக்கிறேன். டிரைவ் எது வாங்குவது?


மணலி டிரைவ் | மார்ச் 6, இரவு 10.30

அண்ணா, 2.2 கிலோவாட், சிங்கிள் பேஸ் 230 உள்ளே, த்ரீ பேஸ் 230 வெளியே. கிலோவாட்டைவிட ஆம்ஸைப் பாருங்கள். வெளியே 10 ஆம்ஸ் என்று எழுதியிருக்க வேண்டும், உங்களுக்கு வேண்டியது 8.3. கடைக்காரர் 415 வோல்ட் டிரைவைக் காட்டி "இதிலும் சிங்கிள் பேஸ் கொடுக்கலாம்" என்றால் வாங்காதீர்கள்.

உள்ளே வருகிற கரண்ட்டைப் பார்த்து மிரளாதீர்கள். முழு லோடில் 23 ஆம்ஸ் வரை போகலாம். டிரைவ் முதலில் ஏசியை டிசியாக்கி, 325 வோல்ட் அளவில் கண்டன்சரில் தேக்கிவைக்கிறது. அந்தக் கண்டன்சர் அலையின் உச்சியில் மட்டும் மடக் மடக்கென்று குடிக்கும், அதனால் ஆம்ஸ் பெரிதாகத் தெரியும். மீட்டரிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் காப்பர் ஒயர், 32 ஆம்ஸ் எம்சிபி. முன்னால் ஒரு சோக் போட்டால் இன்னும் நல்லது. நல்ல எர்த் கட்டாயம்.

மிக முக்கியம்: டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. பழைய ஸ்டார்ட்டர், முன்னே பின்னே மாற்றுகிற டிரம் சுவிட்ச், எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.


துறைமுகம் பிட்டர் | மார்ச் 7, காலை 6.50

மேலே சொன்ன கடைசி வரிக்கு நானே சாட்சி. டிரம் சுவிட்சைக் கழற்ற மனசு வரவில்லை, பழகிய கை. டிரைவ் வெளியே டிரம், அப்புறம் மோட்டார். மூன்று நாள் நன்றாக ஓடியது. நாலாம் நாள் ஒரு மரை வெட்டிக்கொண்டிருந்தேன். முடிவில் கை தானாகப் போய் டிரம்மைத் திருப்பியது. பட்டாசு மாதிரி ஒரே சத்தம். டிரைவுக்குள் பவர் மாட்யூல் வெடித்து, மூடியில் கறுப்பாக ஒரு கோடு. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மூன்று நாள் லேத் ஓட்டியவன் நான்.


மணலி டிரைவ் | மார்ச் 7, காலை 9.00

அதே டிரம் சுவிட்சை வைத்துக்கொள்ளலாம் அண்ணா, ஆனால் மோட்டார் ஒயரை அதிலிருந்து எடுத்துவிட்டு, டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்கு ரெண்டு மெல்லிய ஒயர் கொண்டுபோங்கள். முன்னே என்றால் ஒன்று ஒட்டும், பின்னே என்றால் மற்றது. கை பழகியது பழகியபடியே இருக்கும். ஏதாவது திறந்து பார்ப்பதற்கு முன்னால் மெயினை அணைத்துப் பத்து நிமிஷம் விடுங்கள். டிஸ்ப்ளே அணைந்தாலும் உள்ளே 325 வோல்ட் உட்கார்ந்திருக்கும்.


காசிமேடு கடைசல் | மார்ச் 19, இரவு 9.15

பிரச்சினை. மோட்டார் ஆறு ஒயரோடு வந்தது, டெல்டா கட்டினேன், டிரைவும் வந்துவிட்டது. ஸ்டார்ட் கொடுத்தால் மோட்டார் "ம்ம்ம்" என்று உறுமுகிறது, பெல்ட்டைக் கழற்றிவிட்டாலும் திக்கித் திக்கிச் சுற்றுகிறது, டிரைவ் ஓவர் கரண்ட் என்று காட்டி நின்றுவிடுகிறது. வைண்டிங் கடையில் கேட்டால் "டிரைவ் கோளாறு" என்கிறார்கள். டிரைவ் விற்றவர் "மோட்டார் கோளாறு" என்கிறார்.


வைண்டிங் வியாசை | மார்ச் 19, இரவு 9.40

ரெண்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு காயிலின் தலையும் வாலும் மாறிப்போயிருக்கிறது. ஒயரை வெளியே எடுத்தவர் நம்பர் போடுவதில் தவறியிருப்பார்.

கண்டுபிடிக்கும் வழி இது. டிரைவை முழுசாகக் கழற்றிவிடு. மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து, ஆறு ஒயரை மூன்று ஜோடியாகப் பிரி. ஒரு ஜோடியில் தலை என்று உனக்குத் தோன்றியதில் டேப் ஒட்டு, மற்ற இரண்டிலும் அப்படியே. இப்போது முதல் காயிலின் வாலையும் ரெண்டாவதன் தலையையும் சேர்த்து முறுக்கு. மீதி இருக்கிற ரெண்டு முனையில் 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து ஏசி கொடு, ரெண்டு எண்ணிச் சட்டென்று அளந்துவிடு. 230 கொடுத்துவிடாதே. மூன்றாவது காயிலில் மீட்டர் வை. சில வோல்ட் தெரிந்தால் நீ போட்ட டேப் சரி. கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் ரெண்டில் ஒன்று தலைகீழ், ரெண்டாவதன் டேப்பை மாற்றி ஒட்டு. அப்புறம் ரெண்டாவதையும் மூன்றாவதையும் அதே மாதிரி சேர்த்து, முதல் காயிலில் பார். மூன்றும் ஒத்துவந்தால் ஒன்றின் வால் அடுத்ததன் தலை, அதன் வால் அடுத்ததன் தலை என்று வட்டமாகக் கட்டு. அதுதான் டெல்டா.


காசிமேடு கடைசல் | மார்ச் 20, இரவு 11.50

அண்ணே, காலில் விழுகிறேன். கதவு மணிக்கு வைத்திருந்த பழைய டிரான்ஸ்பார்மர் இருந்தது, 12 வோல்ட்தான், அதை வைத்தே பார்த்தேன். முதல் ஜோடியில் மீட்டர் அசையவே இல்லை. டேப்பை மாற்றினேன், முள் எழுந்தது. மாற்றிக் கட்டி ஸ்டார்ட் கொடுத்ததும் சத்தமே இல்லை. ஓடவில்லையோ என்று பார்த்தால் சக் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாடியில் வீட்டுக்கார அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார், பல்ப் மங்கவில்லை, ஒன்றும் தெரியவில்லை.


ஓய்வு பெற்ற லைன்மேன் | மார்ச் 21, காலை 5.55

நேரடியாக ஸ்டார்ட் செய்தால் ஆறு மடங்கு ஆம்ஸ் இழுக்கும், தெருவே கண் சிமிட்டும். டிரைவ் மெதுவாக ஏற்றுவதால் அந்தச் சிக்கல் இல்லை. மும்முனை விண்ணப்பத்தை மறந்துவிடாதே.


காசிமேடு கடைசல் | ஏப்ரல் 6, இரவு 10.20

இரண்டு வாரம் ஓடியாயிற்று. 65 மில்லி கன்மெட்டல் புஷ்ஷில் ரெண்டு மில்லி வெட்டு போகும்போது டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்வி ஆம்ஸ் அளக்கிற மீட்டர்) டிரைவுக்கு உள்ளே போவது 11 ஆம்ஸ். ஆனால் ரெண்டு கேள்வி. சில நாள் ஸ்டார்ட் கொடுத்ததும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச்) விழுகிறது. இன்னொன்று, கியர் மாற்றாமல் 12 ஹெர்ட்ஸில் வைத்தே ஓட்டினேன், மோட்டாரில் கை வைக்க முடியவில்லை.


மணலி டிரைவ் | ஏப்ரல் 6, இரவு 11.05

12 ஹெர்ட்ஸில் மோட்டாரின் விசிறியும் தூங்கும் அண்ணா. கனமான வெட்டுக்கு 25க்குக் கீழே இறங்காதீர்கள், கியரைப் போடுங்கள். கியர் இழுவையைக் கூட்டும், டிரைவ் கூட்டாது. ஆர்சிசிபி விழுவது டிரைவின் பில்டர் வழியாக எர்த்துக்குக் கசிவதால். வீட்டு 30 மில்லி ஆம்ஸ் ஆர்சிசிபியிலிருந்து டிரைவைப் பிரித்து, அதற்கென்று வருகிற பி டைப் தனியாகப் போடுங்கள். எர்த்தைக் கழற்றிவிட்டால் விழாது என்று எவராவது சொல்வார், கேட்காதீர்கள்.


அம்பத்தூர் பழசு | ஏப்ரல் 7, காலை 7.30

உப்புக் காற்றைப் பற்றி நான் சொன்னதும் நினைவிருக்கட்டும். துறைமுகத்துப் பக்கம் போர்டில் ஆறு மாதத்தில் பச்சை பூக்கும். டிரைவை மூடிய பெட்டியில், சுவரில் உயரமாக மாட்டு. லேத் கழிவு, கூலன்ட் தெறிக்காத இடம். கூடவே ஒன்று: உன் சக் மரையில் ஏறுகிறதா, போல்ட்டில் நிற்கிறதா?


காசிமேடு கடைசல் | ஏப்ரல் 7, காலை 8.10

மரைதான். ஏன்?


அம்பத்தூர் பழசு | ஏப்ரல் 7, காலை 8.25

டிரைவில் நிறுத்துகிற நேரத்தை ஒரு செகண்ட் என்று வைத்தால் ஸ்பிண்டில் நின்றுவிடும், சக் நிற்காது. தன் வேகத்தில் மரையைக் கழற்றிக்கொண்டு வந்து உன் காலில் இறங்கும். திடீரென்று பின்னே திருப்பினாலும் அதே கதை.


காசிமேடு கடைசல் | ஏப்ரல் 7, இரவு 9.40

ஒன்றரை செகண்டில் வைத்திருந்தேன். காலையில் படித்ததும் சக்கைக் கையால் பிடித்துப் பார்த்தேன், கால் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. இறுக்கி, 5 செகண்ட் வைத்துவிட்டேன். வீட்டுக்காரரும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாளை ரெண்டு ஷாப்ட் வருகிறது.